கறுப்பு வெல்வெட்டில் ஒரு நெஞ்சுப்பட்டி

கவிதாவுக்கு,

இதை யார் எழுதிக்கொடுத்தார்கள் என்று நீ யோசிக்க வேண்டாம். உன் அப்பாவின் கையெழுத்துதான். ஒரு வரி எழுத எனக்கு ஒரு டீ ஆறிப்போகும் நேரம் ஆகிறது. ஆனாலும் எழுதுகிறேன். சொசைட்டி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது அல்லவா, அங்கே ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுக்கப் போனேன். டீச்சரம்மா பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். அளவெடுத்து முடித்த பிறகும் எழுந்து வர மனம் வரவில்லை, அப்படியே பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கடையை மூடியதிலிருந்து எனக்கும் வேறு வேலை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த ஆறு வயதுப் பெண் என் சிலேட்டை எட்டிப் பார்த்து, "தாத்தா, நீங்க ரொம்ப ஸ்லோ" என்றாள். அவள் இப்போது உயிர்மெய்யில் இருக்கிறாள், நான் கடிதத்துக்கு வந்துவிட்டேன். ஒரே குறை, இத்தனை பாடுபட்டுத் தமிழ் படிக்கக் கற்றும் பூனாவில் படிப்பதற்கு ஒன்றும் அகப்படுவதில்லை. பஸ் போர்டும் கடை போர்டும் மராட்டியில் இருக்கின்றன. அப்பளப் பாக்கெட், அரிசிப் பை, கோவில் நோட்டீஸ், இவ்வளவுதான். எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிறு நீ வந்து பீரோவிலிருந்து அந்தக் கறுப்பு ஏமன் உடுப்பை எடுத்தாய். ஔந்தில் யாரோ பொட்டிக் வைத்திருக்கும் அம்மாவிடம் பேசிவிட்டதாகவும், நெஞ்சில் இருக்கும் பூவேலையை மட்டும் வெட்டி ரிசப்ஷன் ரவிக்கையின் முதுகில் வைக்கப்போவதாகவும் சொன்னாய். உன் அம்மா உன் கையிலிருந்து அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "பெட்டில வெச்சி பூட்டறதுக்கா ஆன்ட்டி குடுத்தாங்க? யாருக்கு இன்னா ஃபாய்தா?" என்று நீ கேட்டாய். "அவ முழுசா குடுத்தா, முழுசாவே இருக்கும். வெட்டணும்னா என் புடவைய வெட்டு" என்று அவள் சொன்னாள். நீ சாப்பிடாமல் வாகட்டுக்குத் திரும்பிப் போனாய். உனக்கு வைத்த வத்தக்குழம்பை நான் மறுநாளும் சாப்பிட்டேன். அன்றிலிருந்து நீ என் போனுக்குத்தான் பேசுகிறாய். அவளும், "உன் பொண்ணு பத்திரிகை இன்னும் எத்தன வோணும்னு கேளு" என்று என்னிடம்தான் சொல்கிறாள். அடுத்த மாதம் கல்யாணம். நலங்கு வைப்பதற்கும் இப்படி நான் நடுவில் நின்று சேதி சொல்ல முடியாது. ஆகவே அந்த உடுப்பைப் பற்றி உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்றை எழுதுகிறேன்.

அதைக் கொடுத்த ஆமினாவை உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. அப்போது நாம் கேம்ப்பில், ஒரு பழைய வீட்டின் கீழ் அறையில் இருந்தோம். மாடிப்படிக்கு அடியில்தான் என் கடை, ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு இஸ்திரிப் பெட்டி. மாடி அறையைச் சொந்தக்காரர் வெளிநாட்டு மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவார். ஃபரீது மருந்துப் படிப்புக்கு ஏமனிலிருந்து வந்தவன், ஏடன் நகரத்துப் பையன். அவன் மனைவி ஆமினா மலைக்கிராமத்துப் பெண். அவளுக்கு முதலில் இந்தி வராது. உன் அம்மாவுக்கும் அப்போது இந்தி அரைகுறை. இரண்டு பேரும் கையைக் காட்டியே பேசி, ஒரு வருஷத்தில் கடைத்தெரு இந்தியில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டார்கள். அவளுக்கு உன் அம்மா தீதி, அதாவது அக்கா. நான் மாஸ்டர்ஜி.

அவளுக்கு முதல் பையன் பிறந்தபோது நீ பள்ளிக்கூடக் கோடை விடுமுறைக்கு அம்மாவோடு ஆற்காட்டுக்குப் போயிருந்தாய். அவர்கள் ஊரில் பிள்ளை பெற்றவளை நாற்பதாம் நாள் உயரமான மெத்தையில் உட்காரவைத்து, நல்ல உடுப்பும் நகையும் போட்டுவிட்டு, ஊர்ப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்துப் பாடுவார்களாம். இங்கே அவளுக்கு ஊரும் இல்லை, உன் அம்மாவும் இல்லை. கொண்ட்வாவில் இருந்த மற்ற மாணவர்களின் மனைவிகள் நாலைந்து பேர் வருவதாக இருந்தது. அதற்குப் போட்டுக்கொள்ள ஓர் உடுப்பு வேண்டும் என்று, குழந்தையை ஒரு தோளிலும் துணி மூட்டையை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

மூட்டையில் இருந்தது அவள் தாயாரின் உடுப்பு. நீ பீரோவில் பார்க்கும் உடுப்பு இல்லை அது. இதை நன்றாகக் கவனி. அந்தத் துணி பருத்தி, அவுரிச் சாயத்தில் பல தடவை முக்கி எடுத்து, மரக்கட்டையால் அடித்து அடித்துப் பளபளப்பு ஏற்றியது. எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மின்னியது, காகிதம் மாதிரி சலசலத்தது. தொட்ட விரல் நீலமானது. அத்தனை வருஷம் துணி தைத்தும் அப்படி ஒரு துணியை நான் தொட்டதில்லை. ஆனால் அக்குளில் இற்றுப்போயிருந்தது, மடித்த மடிப்பெல்லாம் வெடித்திருந்தது. கெடாமல் இருந்தது நெஞ்சுப்பட்டி மட்டும்தான். கழுத்திலிருந்து வயிறு வரை, சிவப்பு நூலும் மஞ்சள் நூலும் சங்கிலித் தையல், நடுவில் வெள்ளி ஜரிகையைத் துணியின் மேல் வளைத்துப் படுக்கவைத்து மெல்லிய நூலால் கட்டிக் கட்டிப் பிடித்த வேலை, ஓரத்தில் சின்னச் சின்ன வெள்ளி மணிகள், இரண்டு சோழி. துணி தெரியாத அளவுக்கு அடைத்துச் செய்த வேலை. அதைக் கழற்றிப் புதுத் துணியில் வைத்துத் தர முடியுமா என்று கேட்டாள்.

நான் நம் ரவிக்கைப் புத்தியோடு உட்கார்ந்தேன். மார்புக்கு எங்கே டக்ஸ் பிடிப்பது, உள்ளே கேன்வாஸ் வைக்க வேண்டுமா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். பட்டியிலிருந்து துணி நேராகக் கீழே விழ வேண்டுமாம், உடம்பு எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியக் கூடாதாம். பிறகு உடுப்பின் கையைப் பார்த்தேன். ஒவ்வொரு கையும் ஒரு தலையணை உறை அகலம், நுனி முக்கோணமாக முழங்காலுக்குக் கீழே தொங்கியது. யாரோ அளவு தப்பி வெட்டியதாக நினைத்து, இந்த முனையை வெட்டிச் சரிசெய்துவிடவா என்று சாக்பீஸை எடுத்தேன். அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு உடுப்பைத் தலைவழியாக மாட்டி, இரண்டு முனைகளையும் பின்கழுத்தில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டாள். அவள் கை இரண்டும் தோள் வரை விடுபட்டன. "ரொட்டிக்கு மாவு பிசையணும் இல்லையா, மாஸ்டர்ஜி" என்றாள். சாக்பீஸை டிராயரில் போட்டேன்.

எல்லாம் பேசி முடித்து நான் பிரிக்கிற ஊசியை எடுத்தபோது, இருங்கள் என்று தடுத்தாள். அம்மாவைக் கேட்க வேண்டும் என்றாள். உடுப்பு அவள் கல்யாணத்தில் தாய் கொடுத்தது, அவளுடையதுதான். கேட்காமலே செய்திருக்கலாம். கடல் தாண்டி இருக்கிற தாய்க்குத் தெரியப்போவதும் இல்லை. ஆனாலும் கேட்டாக வேண்டும் என்று நின்றாள். அப்போது செல்போன் கிடையாது. என் கடைக்குப் பக்கத்து ஐ.எஸ்.டி. பூத்துக்கு அவளும் ஃபரீதும் போனார்கள். அவள் கிராமத்திலும் போன் இல்லை. டவுனில் ஒரு மாமா கடைக்குச் சொல்லி, தாயார் மலையிலிருந்து இறங்கி வந்து காத்திருக்க ஏற்பாடு செய்ய ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க அந்த உடுப்பு என் மெஷின் மேல் சும்மா கிடந்தது, நாளோ போய்க்கொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் சலிப்புத்தான். கடைசியில் ஒரு மாலை லைன் கிடைத்தது. பூத்தின் கண்ணாடிக் கதவு வழியாக அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. வெளியே வரும்போது அழுகையும் சிரிப்புமாக வந்தாள். தாயார் என்ன சொன்னார் என்று ஃபரீது எனக்கு இந்தியில் சொன்னான்: "நானே அதை என் அம்மாவோட உடுப்பிலிருந்துதான் பிரிச்சேன். துணி கிழியும், வேலை கிழியாது. பிரிச்சுத் தை. கேட்டியே, அது போதும். பையன் பால் குடிக்கிறானா, அதைச் சொல்லு."

மறுநாள் மூன்று பேரும் ரவிவார் பேட்டுக்குப் போனோம். கறுப்பு வெல்வெட் எடுத்தோம். பட்டியில் ஓரிடத்தில் ஜரிகை விட்டுப்போயிருந்ததால் அதற்கும் தேடினோம். ஒரு கடைக்காரர் பின்பக்கம் போய் ஒரு கண்டு எடுத்துவந்து போட்டார். ஆமினா அதைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பார்த்து, படத்தில் இருந்த மயிலைத் தொட்டு, ஃபரீதிடம் என்னவோ வேகமாகப் பேசினாள். அவள் தாயாரின் தையல் டப்பாவில் இதே மயில் போட்ட காகிதம் இருந்ததாம். இந்த நூல் எங்கே போகிறது என்று நான் கடைக்காரரைக் கேட்டேன். சூரத்தில் செய்கிறார்கள், பம்பாயிலிருந்து கப்பல் ஏறி அரபு தேசமெல்லாம் போகிறது, தாத்தா காலத்திலிருந்து போகிறது என்றார். சனா நகரத்துப் பெண்கள் வெளியே போகும்போது போர்த்திக்கொள்ளும் பூப்போட்ட பெரிய துணிகூட இந்தியாவில் அச்சடித்து வருவதுதான் என்று ஃபரீது சொன்னான். ஆமினாவுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தையல் எங்களுடையது, நூல் மட்டும்தான் உங்களுடையது என்று கடைக்காரரிடமே சொல்லிவிட்டாள்.

அன்று இரவல் வாங்கிய ஒரு டேபிள் விளக்கை வைத்துக்கொண்டு பட்டியைப் பிரித்தேன். பிரித்துத் திருப்பிப் பார்த்தபோது, ஓரத்தில் ஊசித்துளை இரண்டு வரிசையாக இருந்தது. ஒன்று நான் அப்போது பிரித்த தையலுடையது. அதற்கு உள்ளே இன்னொரு வரிசை, அதில் ஒரு விரல்நீளத்துக்குப் பழைய முரட்டுத் துணியின் பிசிறு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அது பாட்டியின் உடுப்பாக இருக்கும். தாயார் போனில் சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரிந்தது. நான் அதற்கு வெளியே மூன்றாவது வரிசையில் கையால் தைத்தேன். மெஷின் போட்டால் மணிகள் நொறுங்கிவிடும்.

பழைய அவுரித் துணியை என்ன செய்வது என்று கேட்டேன். நல்ல பகுதியைக் கிழித்துக் குழந்தையைச் சுற்றினாள், உடம்புக்குச் சூடு தருமாம். மறுநாள் காலை ஃபரீது வகுப்புக்குக் கிளம்பும்போது பிள்ளையைத் தூக்கியிருக்கிறான், கன்னமும் கையும் நீலம். மருந்து படிக்கிறவன், நீலம் என்றால் என்ன நோய் என்று பாடத்தில் படித்திருக்கிறான். ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் செருப்புமாகப் பிள்ளையோடு படியிறங்கி ஓடினான். ஆட்டோவில் ஏறிவிட்டான். ஆமினா மாடியிலிருந்து அரபியில் கத்திக்கொண்டே வந்து ஆட்டோவை மறித்து, தலைத்துணியின் நுனியை எச்சிலால் நனைத்துப் பிள்ளையின் கன்னத்தைத் துடைத்துக் காட்டினாள். ஆட்டோக்காரர் இறங்கி நின்று சிரித்தார். ஃபரீது அன்று வகுப்புக்குப் போகவில்லை.

நாற்பதாம் நாள் காலை உடுப்பை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனவள் பாதிப் படியில் திரும்பி வந்தாள். "மாஸ்டர்ஜி, பழசை எடுத்து வெச்சுத் தைச்சதுன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்க மலையில அது பெருமை. இன்னிக்கு வர்றவங்க நகரத்துக்காரங்க, அவங்களுக்கு அது இல்லாமை" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். தையல்காரன் வாயைத் திறந்தால் கடை நடக்காது. யாருக்கு இடுப்பு எத்தனை இஞ்ச் கூடியது என்பதை அவள் புருஷனிடம்கூட நான் சொன்னதில்லை. அதே போல இதையும் உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீங்கள் ஊரிலிருந்து திரும்பியபோது உடுப்பு புதிதாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஏமனிலிருந்து வந்தது என்று ஆமினா சொன்னாள், உன் அம்மா நம்பினாள். இப்போது நான் செய்வது சரியா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். எழுத மாட்டேன் என்று கொடுக்கவில்லை. அன்றைக்கு என்னால் எழுத முடியும் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். அந்தப் பையன் நடக்கும் வரை தினமும் காலையில் உன் அம்மாதான் அவனைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். மூக்கைப் பிடித்துவிட்டதும் அவள்தான். அடுத்ததும் ஆமினாவுக்குப் பையன். ஃபரீது படிப்பு முடிந்து கிளம்பியபோது, இது பெண்பிள்ளைக்குப் போக வேண்டியது, எனக்கு இரண்டும் பையன் என்று சொல்லி உடுப்பை உன் கையில் கொடுத்தாள். நீ அதைப் போட்டுக்கொண்டு நடந்து, கால் தடுக்கி விழுந்தாய். ஊருக்குப் போய் அவள் புருஷனை எழுதவைத்து இரண்டு கடிதம் போட்டாள், இங்கிலீஷில். நீ எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாய், பதில் எழுத உனக்கு அப்போது வராது. யாரைப் பிடித்துப் பதில் எழுதுவது என்று தள்ளிப்போட்டோம், நாமும் கேம்ப்பிலிருந்து சிஞ்ச்வட்டுக்கு வந்துவிட்டோம், அதோடு விட்டுப்போயிற்று. உன் அம்மாவுக்கு இந்த ஊரில் தோழி என்று இருந்தவள் அவள் ஒருத்திதான். வருஷத்துக்கு ஒரு தடவை அந்த உடுப்பை எடுத்து உதறி, வேப்பிலை மாற்றி வைப்பாளே, அப்போது அவள் என்னோடு பேச மாட்டாள், கவனித்திருக்கிறாயா? நீ வெட்டப்போவதாகச் சொன்னது அவள் காதில் வெறும் துணியை வெட்டுவதாக விழவில்லை.

அதனால் அந்த வேலையைப் பிரிக்கலாமா கூடாதா என்று கேட்டால், என் தொழில் தெரிந்தவரையில் பிரிக்கலாம் என்பதுதான் பதில். எனக்குத் தெரிந்தே மூன்று தலைமுறையாக அது இடம் மாறித்தான் வந்திருக்கிறது, நான்காவதாக உன் பட்டு ரவிக்கைக்குப் போனால் தப்பில்லை. ஆனால் பொட்டிக்கில் கொடுக்காதே. அவர்கள் கத்தரியால் வெட்டுவார்கள். வெட்டக் கூடாது, பிரிக்க வேண்டும். ஓரத்து வெல்வெட்டை ஒரு விரல் அகலம் விட்டு எடுத்து, கையால்தான் தைக்க வேண்டும். முதுகிலும் வேண்டாம், நாற்காலியில் சாய்ந்தால் மணி உதிரும். முன்னால்தான் வைக்க வேண்டும். ரவிக்கைக்கு அது நீளம் அதிகம் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு ரவிக்கையைத்தான் நீளமாகத் தைக்க வேண்டும், பட்டியைக் குறைக்கக் கூடாது. கண் தெளிந்துவிட்டது, நானே தைப்பேன். நீ என்னிடம் கேட்காமலே போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, அது வேறு.

ஆனால் அதெல்லாம் பிறகு. நீ அன்று பீரோவைத் திறந்தபோது உன் அம்மாவைக் கேட்கவில்லை, பொட்டிக்கில் பேசி முடித்துவிட்டு வந்து தகவல் சொன்னாய். உடுப்பு உன்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆமினாவுடையதும் அவளுடையதுதான். ஆனாலும் அவள் ஒரு வாரம் காத்திருந்து கேட்டாள். உன் அம்மா கடல் தாண்டி இல்லை, வாகட்டிலிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிடலாம்.

இந்த ஞாயிறு வா. இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்துக் காட்டு. அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான் வாயால் சொல்லக் கூடாது, நீதான் படிக்க வேண்டும். உனக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், பரவாயில்லை, அவள் திருத்துவாள், அப்போது பேசத்தானே வேண்டும். நான் அந்த நேரத்துக்கு வகுப்புக்குப் போய்விடுவேன். படித்து முடித்த பிறகு அவளைக் கேள். என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. பிரி என்று சொன்னால் அவள் கையாலேயே முதல் தையலைப் பிரிக்கச் சொல், மீதியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். வேண்டாம் என்று சொன்னால் உடுப்பை மடித்து அவளிடம் கொடுத்துவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு லக்ஷ்மி ரோட்டுக்குப் போய் வேறு துணி எடு. எதுவானாலும் இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுப் போ.

இவ்வளவும் எழுத ஆறு நாள் பிடித்தது. கை வலிக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது.

உன் அப்பா